கிளாடிஸ் வந்தால் ஒளிரும் இடம்

என் கணவர் எட்வினின் நுரையீரலை இரண்டு விதமாகப் படம் பிடித்திருந்தார்கள். ஆஸ்பத்திரி ஸ்கேனில் இடது அடிப்பகுதி இருட்டாக இருந்தது. மூச்சை அளக்க ஆஸ்பத்திரியில் கொடுத்து, வீட்டில் அவர் போட்டிருக்கும் சென்சார் பனியன் எடுத்த படத்தில் அதே இடம் பச்சையாக ஒளிர்ந்தது.

"எது சரி டாக்டர்?"

"ரெண்டும் சரிதாம்மா. பச்சைன்னா அந்த நேரத்துல அங்க காத்து போகுது, இருட்டுன்னா போகல. காத்து நல்லாப் போற இடத்துல கதிர் படாம திருப்பிவிடுவோம். இருட்டா இருந்தா அது வழியாத்தான் புத்துநோய்க்குக் கதிர் போகும். வீட்டுல படம் எடுத்தப்ப அவர் என்ன செஞ்சுக்கிட்டிருந்தார்?"

அந்த நேரத்தில், கோயில் பாடகர் குழுவில் அவரோடு பாடும் கிளாடிஸ் வந்திருந்தாள். இருவரும் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். என்னிடம் வாய் திறந்தால் மாத்திரை கசக்கிறது என்பதோடு சரி.

"தூங்கிக்கிட்டிருந்தார்" என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஆனால் உள்ளதைச் சொன்னேன்; சிரிக்கும்போது இங்கேயும் எடுத்துப் பார்ப்போம் என்றார் டாக்டர். வெளியே வந்து கிளாடிஸுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்குத் திரும்ப ஸ்கேன் எடுக்காங்க. நீ வந்து அவர் பக்கத்துல நில்லு. நல்லாச் சிரிக்க வையி."

"நீங்க வரலியாக்கா?"

"நான் வெளியில நிப்பேன். கதவுல கண்ணாடி இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்."