முந்திக்கொண்ட ஊர்

“பன்னிரண்டு வருஷமா சகோதர நகரம்னு சொல்லிக்கிட்டிருக்கோம். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நமக்கு வந்தது என்ன? ஒரு சுவர்க் கடிகாரம். அதுவும் ஓடல,” என்றார் நகராட்சித் தலைவர்.

உறுப்பினர்கள் சிரித்தார்கள். மேசைக் கோடியில் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்த தலைமை எழுத்தர் சிரிக்கவில்லை. இன்று ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று அந்த அம்மாள் முடிவு செய்துதான் வந்திருந்தார்.

“நர்ஸ் பயிற்சியும் வந்துச்சு சார். வருஷத்துக்கு ரெண்டு பேர். இந்த வருஷம் போறவங்க பெட்டியே கட்டிட்டாங்க.”

“உங்களுக்கென்னம்மா இவ்வளவு கரிசனம்? வெளிநாட்டு ஸ்டாம்ப் சேர்க்கறீங்களா?” என்று கேட்டார் உறுப்பினர்களில் ஒருவரான பல் டாக்டர்.

“போன வருஷம் உங்க பேரன் கழுத்துல கொடி சுத்திப் பிறந்தான். பதறாம கையில வாங்கினவங்க அங்கே போய்ப் படிச்சவங்க சார்.”

டாக்டர் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்தார்.

“அதெல்லாம் சரி,” என்றார் தலைவர். “இந்த மாசத்தோட ஒப்பந்தம் முடியுது. அவங்க வாயைத் திறந்தாங்களா? நாம வலியப் போய்க் கையை நீட்டி, அவங்க உதறிட்டா ஊரே சிரிக்கும்.”

எழுத்தர் குறிப்பேட்டை மூடினார்.

“அவங்க போன செவ்வாயே தீர்மானம் போட்டுட்டாங்க சார். ஒருத்தர்கூட எதிர்க்கல.”

“நமக்கு முன்னாடியேவா?”

“முன்னாடியே. இப்ப நாம வேணாம்னா, முறிச்சுக்கிட்டது நாமன்னு ஆயிடும்.”

டாக்டர் செருமினார். “ரெண்டுல பெரிய ஊரு நம்மூரு. பெருந்தன்மையில அவங்க முந்திக்கிறதாவது?”

பேனா மேசையைச் சுற்றி வந்தது. ஒன்பது கையெழுத்து. எழுத்தர் முத்திரையை அழுத்திக் குத்தினார்.

தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுத் தொலைபேசியை எடுத்தார். அக்கரையில் அப்போது காலை. அந்த ஊர் நகராட்சி எழுத்தரை அவர் பார்த்ததில்லை; பன்னிரண்டு வருடமாகக் குரல் பழக்கம்தான்.

“சார், இங்கே கையெழுத்து ஆயிடுச்சு.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது.

“தப்பிச்சேன் மேடம். எங்க கூட்டமும் இப்பதான் முடிஞ்சது. ஒரே முரண்டு. வேற வழியில்லாம, நீங்க போன வியாழனே கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னு ஒரு பொய்யைச் சொல்லித்தான் ஒத்துக்க வெச்சேன். மன்னிச்சுக்குங்க.”

அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பரவாயில்ல சார், நாங்க வியாழன். உங்களை யாராவது கேட்டா, நீங்க செவ்வாய். மறந்துடாதீங்க, நான் இங்கே அப்படித்தான் சொல்லியிருக்கேன்.”