லென்சுக்குள் ஒரு குடும்பம்

மேசையில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்பை ஒரு பஸ் டிக்கெட்டில் ஏற்றி, கடை வாசலில் பத்திரமாக இறக்கிவிட்டுத் திரும்பினார் பெரியவர். "பாத்துப் போ" என்று அதனிடம் அவர் சொன்ன மாதிரிகூட ஜோசுவாவுக்குக் கேட்டது.

பெயர் நேமிநாதன், முசரவாக்கம் பக்கம் என்று வந்ததுமே சொல்லியிருந்தார். சமணக் குடும்பம். ஓர் உயிருக்கும் தீங்கு நினைக்காத ஆள். அந்த எறும்பைப் பார்த்த பிறகுதான் ஜோசுவாவுக்கு ஒரு யோசனை உதித்தது.

மேசைமேல் இருந்தது நாற்பது வருஷத்துப் பழைய ஜப்பான் லென்ஸ். ஜோசுவா மேல்தூசியை ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, பின்பக்கமாக டார்ச் அடித்துப் பார்த்தான். கீறல் இல்லை. உள்ளே நாலைந்து தூசி, அவ்வளவுதான். வளையத்தைத் திருப்பினால் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு சுழன்றது.

காஞ்சிபுரத்தில் கேமரா பழுது பார்ப்பது போக, கல்யாணங்களுக்கும் படம் எடுக்கிறவன் ஜோசுவா. இப்படி ஒரு லென்சுக்கு அவன் ஏங்காத முகூர்த்தமே கிடையாது. ஆனால், காசு கொடுத்து இன்னொரு லென்ஸ் வாங்கினால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று எஸ்தர் சொல்லியிருந்தாள். சும்மா வந்தால் மனைவியின் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு.

"தேறுமாபா? பேத்தி மோனிஷா நாளைக்கு இதுலதான் கூரம் கோயில படம் எடுக்கணும்னு நிக்கிறா."

ஜோசுவா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "ஐயா, உள்ள பூஞ்சை புடிச்சிருக்குது."

"அடடா."

"பட்டு நூல் மாதிரி ஓடிக்கினு இருக்குது, நீங்களே பாருங்க." பூதக்கண்ணாடியை நீட்டினான்.

பெரியவர் அதை ஒரு கண்ணருகே வைத்துக் குனிந்தார். இன்னொரு கண்ணும் அகலத் திறந்தே இருந்தது.

"அந்தக் கண்ண மூடிக்கினு பாருங்க ஐயா. அப்பத்தான் தெரியும்."

"இருக்கட்டும்பா. இப்படியே பழகிப்போச்சி."

மனுஷனுக்குப் பார்க்கவே தெரியவில்லை என்றதும் ஜோசுவாவுக்குத் தெம்பு வந்தது. "மருந்து ஊத்தினா போயிடும். ஆனா அதுங்களும் உயிருங்கதானே ஐயா? அத்தனையும் செத்துப்பூடும்."

நேமிநாதன் நாற்காலியில் நிமிர்ந்தார். "கொல்லணுமா?"

"வேற வழியில்ல. உங்களுக்கு ஒத்துவராதேன்னுதான் தயங்கினு இருக்கேன்."

"இது இன்னா வகைபா?"

"வெள்ள வகை ஐயா."

"வெளிச்சத்துல வளருமா, இருட்டுலயா?"

"ரெண்டுலயும் வளரும். கொஞ்சம் முரட்டு வகை."

"உள்ள இன்னா தின்னு உயிரோட இருக்குது?"

இதை ஜோசுவா எதிர்பார்க்கவில்லை. "கண்ணாடியைத்தான்" என்றான். சொன்னது அவனுக்கே கொஞ்சம் அதிகமாகத் தோன்ற, "ஒரேயடியா இல்ல, கொஞ்சம் கொஞ்சமா" என்று சேர்த்துக்கொண்டான்.

பெரியவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். முகத்தில் அப்படி ஒரு கவலை. ஜோசுவாவின் நெஞ்சில் லேசாக முள் குத்தியது. பார்த்தே இராத மோனிஷா வேறு கண்முன்னே வந்து நின்றாள். லென்சை இன்னொரு தடவை பார்த்தான். முள் தானாகவே விழுந்துவிட்டது.

"ஐயா, பேசாம எங்கிட்ட விட்டுட்டுப் போங்க. நான் மருந்தே ஊத்தமாட்டேன். அதுங்க பாட்டுக்கு உள்ள குடும்பம் நடத்திக்கினு இருக்கட்டும்."

"கடைசி வரைக்கும் பாத்துப்பியா?"

"எம்புள்ளைங்க மாதிரி பாத்துக்குவேன் ஐயா."

நேமிநாதன் லென்சை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார். விரல்களையும் அவரே மூடிவிட்டார். ஜோசுவாவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவர் மனசு மாறுவதற்குள் இழுப்பறையைத் திறந்தான்.

"உள்ள வெக்காதபா. கழட்டி, அந்தத் தூசிய ஊதிட்டுக் குடு. பேத்தி காத்துக்கினு இருப்பா."

"தூசியா? ஐயா, அது பூஞ்சை..."

பெரியவர் சட்டைப் பையிலிருந்து கர்ச்சீப்பை எடுத்து நிதானமாக முகம் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷம் காலேஜ்ல மைக்ரோஸ்கோப் வெச்சி பூஞ்சையைத்தான்பா பாடம் எடுத்தேன்."