கப்பலேறிய பாட்டி

கோல் விழுந்ததும் பினாங்கு சூலியா தெருவில் சீனி முகம்மதுவின் சாப்பாட்டுக் கடையே எழுந்து நின்றது. டிவியில் மஞ்சள் முடிக்காரன் கைகளை விரித்துக்கொண்டு ஓடினான். பக்கிரிசாமி மட்டும் எழவில்லை. நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீயை ஊதி ஊதிக் குடித்தார்.

"என்னாண்ணே, நம்ம நாட்டுக்குத்தான போட்டான்? கை தட்டுனா வளையல் ஒடஞ்சிருமா?" என்றார் சீனி முகம்மது.

"எங்கேருந்தோ வந்தவன் போட்ட கோலு. நமக்கு என்னா?"

"அவன் பாட்டி பினாங்குக்காரவுங்க லா. கப்பல்காரனக் கட்டிக்கிட்டுப் போயிட்டாங்களாம். ஒலகக் கால்பந்துச் சங்கமே ஒத்துக்கிருச்சு."

"பினாங்குப் பொம்பளைங்கல்லாம் கப்பலேறிட்டா நமக்கு யாருய்யா சோறாக்கிப் போட்டது?"

கடை சிரித்தது. சீனி முகம்மது குரலைத் தாழ்த்தினார். "சிரிக்காதீங்கண்ணே. அவனுக்கே பாட்டிய வச்சு வுட்டாங்கன்னா, நம்ம துளசிக்கு வுட மாட்டாங்களா?"

அது பக்கிரிசாமிக்கும் சரியென்று பட்டது. பேத்தி துளசியை மலேசியப் பெண்கள் அணிக்குக் கோல் கீப்பராக எடுத்துவிட்டார்கள். ஆனால் அவளும் அவள் அப்பனும் பிறந்தது தாய்லாந்து எல்லைக்கு அந்தப் பக்கம், அவர் லோரி ஓட்டிய ஹாட்யாயில். அவரோ நாகப்பட்டினத்தில் பிறந்து கைக்குழந்தையாகக் கப்பலில் வந்தவர். குடும்பத்தில் பினாங்கு மண்ணில் பிறந்தவள், செத்துப்போன மனைவி மீனாட்சி ஒருத்திதான். அவளைக் காட்டினால்தான் உலகச் சங்கம் ஆட விடும்.

அதற்கென்று சில மாதங்களுக்கு முன் ஆட்டக்காரர்களுக்குத் தாள் தயார் செய்யும் ஏஜென்ட் தயாளன், பாயான் பாருவில் இருந்த அவர் வீட்டுக்கே வந்திருந்தான். மீனாட்சியின் பிறப்புப் பத்திரத்தையும் கல்யாணப் படத்தையும் கேட்டான்.

"துளசியோட பத்திரம்?"

"அது இப்ப வேணாம் மாமா."

"காசு எவ்ளோ?"

"ஒங்ககிட்ட வாங்குவனா?"

காசு வேண்டாம் என்கிறவனைப் பக்கிரிசாமி ஆயுசில் நம்பியதில்லை. பத்திரத்தை அமுக்கிவிடுவான் என்றே நினைத்தார். ஒரு வாரத்தில் படத்தோடு அது திரும்பி வந்தபோது வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். அதே மடிப்பு, அதே எண்ணெய்க் கறை. நல்லவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாய்க்கூட இருந்தது.

கோல் விழுந்த மறுவாரம் ஓர் ஓட்டல் அறையில் துளசிக்கு விசாரணை. தயாளன் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. உலகச் சங்கத்து வெள்ளைக்காரர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். அவர் பேச்சைத் தமிழில் சொல்ல பிரமிளா என்றொரு பெண். துளசி கையுறையை மடியில் வைத்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். இன்று தட்டிப்போனால் அணி அவளை விட்டுவிட்டு விமானம் ஏறிவிடும்.

வெள்ளைக்காரர் பத்திரத்தைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், கணினியைத் தட்டினார். நெற்றி சுருங்கியது. பிரமிளாவிடம் ஏதோ சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?"

அவள் கணினியைப் பக்கிரிசாமி பக்கம் திருப்பினாள்.

திரையில் மீனாட்சி. கல்யாணக் கூறை, இரண்டு மூக்குத்தி. பக்கத்தில் அவர் நின்ற இடத்தை வெட்டியிருந்தார்கள். மீனாட்சி தோளில் ஒரு கை மட்டும் மிச்சம் இருந்தது. அவள் படத்துக்குக் கீழே மஞ்சள் முடிக்காரன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"இவ எம்பொண்டாட்டிம்மா. தோள்ல இருக்கறது என் கை. நல்லாப் பாக்கச் சொல்லு."

பிரமிளா சொன்னாள். வெள்ளைக்காரர் பார்க்கவில்லை. துளசியின் தாளை இழுத்து முத்திரை குத்தினார்.

பிரமிளா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த ஆட்டக்காரரோட பாட்டி அசல்னு போன மாசமே முடிவாயிருச்சாம் ஐயா. ஒங்களுதுதான் போலியாம்."