பதினாறு டிகிரி

அறைக்குள் கால் வைத்ததுமே ஏசி மெக்கானிக்குக்கு உடம்பு வெடவெடத்தது.

"என்னம்மா இது, ஐஸ் பெட்டிக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு! பதினாறுலயா ஓட விட்டிருக்கீங்க?"

"ஆமாம்ப்பா. வெக்கை தாங்கலை" என்றாள் அந்த அம்மா.

சொன்னது யார் தெரியுமோ? உடம்பில் ஸ்வெட்டர், அதற்கு மேல் ஒரு கம்பளி, காலில் சாக்ஸ், காதை மூடி மப்ளர். மூக்கு நுனி வேறு சிவந்து கிடந்தது.

கொழுப்புன்னா இதுதான் கொழுப்பு என்று நினைத்துக்கொண்டு, மெக்கானிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார்.

வாங்கும்போதே இந்த அம்மா ஒரு தினுசுதான். மூன்று மாதத்துக்கு முன்னால் அறையை அளக்க வந்ததும் இவர்தானே! பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரே ஆள், கீழ்த்தளம், நேர் வெயிலும் கிடையாது. "ஒரு டன் தாராளம்மா. இன்வெர்ட்டர் மாடலா எடுத்துக்குங்க, கரண்ட் பில் கையைக் கடிக்காது" என்று நல்ல மனசோடுதான் சொன்னார். எல்லாவற்றுக்கும் சமர்த்தாகத் தலையாட்டிவிட்டு, கடைசியில் அந்த அம்மா கேட்டது ஒரே கேள்வி.

"இதுல வைஃபை இருக்கா?"

"உங்களுக்கு எதுக்கும்மா அது? நீங்க வச்சிருக்கிறது பட்டன் ஃபோன். தண்டச் செலவு."

"வைஃபை இருந்தா எத்தனை டிகிரி ஓடுதுன்னு வெளிநாட்டுல இருக்கிற என் மகன் ஃபோன்ல தெரியுமாமே?"

"தெரியும். அங்கிருந்தே கூட்டலாம், குறைக்கலாம்."

"அப்ப அதுதான் வேணும்."

ஜம்பத்தைப் பார்! அந்த ஏசிக்காகவே வீட்டுக்குப் புதிதாக நெட் கனெக்‌ஷன் வேறு. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்டால்தானே!

இப்போது அதன் பலனை மகன் அனுபவிக்கிறான். காலையில் கடைக்கே ஃபோன் போட்டு எரிந்து விழுந்தான். "நான் இருபத்தி நாலு வச்சா, அஞ்சே நிமிஷத்துல மறுபடி பதினாறுக்குப் போயிடுது. பில்லைப் பார்த்தா மயக்கம் வருது. என்ன கோளாறுன்னு பார்த்து இன்னிக்கே சரி பண்ணுங்க."

மெக்கானிக் மூடியைக் கழற்றிப் பார்த்தார். ஃபில்டர் சுத்தம். சென்சார், போர்டு எல்லாம் கச்சிதம். இருபத்தி நாலு வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தார். மெஷின் பாட்டுக்குச் சாதுவாக ஓடியது.

திரும்பிப் பார்த்தால், கம்பளிக்குள்ளிருந்து ரிமோட் மெள்ள எட்டிப் பார்க்கிறது! பீப், பீப் என்று எட்டுத் தடவை. பதினாறு.

"ஏம்மா, மகன் வைக்கிறதை மாத்தறதும் நீங்கதானா?"

அந்த அம்மா ரிமோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெக்கானிக்குக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "குளிர்ல நடுங்கிக்கிட்டே பதினாறு வைக்கிறீங்களே, பெத்த பிள்ளை காசுன்னா அவ்வளவு இளக்காரமா? அந்த மனுஷன் அங்கே ராத்திரி பகலா உழைக்கிறார். இருங்க, இருபத்தி நாலுலயே ரிமோட்டை லாக் பண்ணிடறேன். அப்புறம் நீங்க தலைகீழா நின்னாலும் அது அசையாது."

"ஐயோ, வேணாம்ப்பா!" அந்த அம்மா கம்பளியை உதறிவிட்டு எழுந்தேவிட்டாள். "உனக்குப் புண்ணியமாப் போகும். லாக் மட்டும் பண்ணிடாதே."

அதற்குள் கட்டில்மேல் இருந்த ஃபோன் அடித்தது.

மப்ளரைக் கழற்றி எறிந்துவிட்டு, விழுந்தடித்துக்கொண்டு அந்த அம்மா அதை எடுத்தாள். காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அம்மா! மறுபடி பதினாறு காட்டுது! உனக்கு எத்தனை தடவைதான் சொல்றது?"

"சரிப்பா, சரிப்பா." அந்த அம்மா முகம் பூரித்துப் போயிற்று. "நீ சாப்பிட்டியா? குரல் ஏன் கட்டியிருக்கு? குட்டிப்பயலுக்குச் சளி விட்டுதா?"

"அதெல்லாம் விட்டுடுச்சு. கஷாயம் கிஷாயம்னு ஆரம்பிக்காதே. மெக்கானிக் வந்தாரா இல்லையா?"

"வந்திருக்கார்ப்பா. பல்லு முளைச்சிருக்குன்னு சொன்னியே, எத்தனை பல்லு?"

"அம்மா, எனக்கு மீட்டிங் இருக்கு. ஃபோனை அவர்கிட்ட கொடு."

அந்த அம்மா உடனே கொடுக்கவில்லை. ஃபோனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் வந்தாள்.

"முன்னெல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதான் பேசுவான்ப்பா. சில மாசம் அதுவும் இருக்காது. இந்த மூணு மாசமா தினமும் பேசறான். திட்டத்தான் பேசறான், திட்டட்டுமே. இந்த வீட்டுல வேற குரலே கிடையாதுப்பா."

மெக்கானிக் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

"என்ன கோளாறுங்க?" என்றான் மகன் அவசரமாக. "தினமும் வேலையை விட்டுட்டு இதுக்காக ஃபோன் பண்ண என்னால முடியலை. பேசாம லாக் பண்ணிடுங்க."

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில், நல்லா ஓடுகிற மெஷினைக் கெட்டுப்போச்சு என்று மெக்கானிக் சொன்னதே இல்லை.

"லாக் ஆகாது சார். சென்சார் போயிடுச்சு, பார்ட்ஸ் எப்ப வரும்னு சொல்லவே முடியாது. அதுவரைக்கும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நீங்களே அம்மாவுக்கு ஃபோன் போட்டுச் சொல்லிடுங்க."