அழியப்போகும் பைலா

"பைலா பாடிப் பேரெடுத்த மனுசன் இப்ப கடற்காத்தை ரேப்பிலை பிடிக்குது. உதை ஆர் கேக்கிறது?" என்று கத்தரீனா முன்பொருநாள் சிரித்தாள். "நீ கேப்பாய்தானே," என்றான் அவள் கணவன் சிமியோன். அன்றிலிருந்து அவள்தான் கேட்கிறாள். போரால் மின்சாரமில்லாத யாழ்ப்பாணக் குருநகரில், கவிழ்த்து நிறுத்திய சைக்கிளின் பெடலை அவள் கையால் சுற்ற, டைனமோவில் ரேப் ரெக்கோடர் ஓடுகிறது. புதுக் கசற் வருவதில்லை; தன் பைலாக்களை ஒவ்வொன்றாக அழித்துத்தான் அவன் அலையையும் காற்றையும் பதிந்திருக்கிறான். இன்று மிஞ்சியிருக்கும் ஒன்றைச் செருகுகிறான்: அவர்களுடைய கலியாணத்தன்று அவன் பாடியது. இத்தனை வருடமும் அவனுக்காகச் சுற்றிய கையில் மாலை வெயில் மினுங்குகிறது; அவன் அதையே பார்க்கிறான். பெடல் தளர்கிறது. "இதையுமோ? இதிலை எதைப் பிடிக்கப்போறியள்?" அவன் மைக்கை அவள் பக்கம் திருப்புகிறான். "வலை பின்னேக்கை நீ ஒரு பாட்டு முணுமுணுப்பியே, கத்தரீனா... பத்து வருசமாக் கேக்க வாய் வரேல்லை. சுத்திக்கொண்டே அதை ஒருக்காப் பாடு."