சீல் வைத்த தேங்காய்

தேங்காய்க்கு வரி இல்லை, கொப்பரைக்கு உண்டு. நாச்சிமுத்துவின் லாரியை மறித்த அதிகாரிகள், உள்ளே இருப்பது கொப்பரை என்று எழுதிக்கொண்டார்கள். அவர் தேங்காய் என்று சொல்லி விற்பனை வரித் தீர்ப்பாயத்துக்குப் போனார். சரக்கிலிருந்து ஒரு காயை எடுத்துத் துணிப்பையில் போட்டு, அரக்கு முத்திரை வைத்துத் தீர்ப்பாயத்தின் அலமாரியில் பூட்டினார்கள். பிறகு வாய்தா மேல் வாய்தா. அரசு வக்கீல் வரவில்லை. தலைவர் ஓய்வு பெற்றார். நாற்காலி நெடுநாள் காலியாகக் கிடந்தது. நாச்சிமுத்துவுக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது.

இன்று புதிய தலைவர், சாப்பாட்டு நேரம் தாண்டிய களைப்போடு, முத்திரையை உடைக்கச் சொன்னார். சந்தையில் காய் வாங்குகிறவரைப் போல பையிலிருந்த காயைக் காதருகே வைத்து ஆட்டினார். மறு காதிலும் வைத்து ஆட்டினார். உள்ளே ஏதோ உருண்டு ஓட்டில் முட்டியது.

"தண்ணியே இல்லையே" என்றார்.

"கொப்பரைதாங்க ஐயா. நாங்க ஆரம்பத்துலேர்ந்து அதைத்தான் சொல்றோம்" என்றார் அரசு வக்கீல்.

நாச்சிமுத்து கும்பிட்டபடி எழுந்தார். "புடிச்ச அன்னிக்குச் சலசலன்னு ஆடுச்சுங்க சாமி."

"அப்ப எப்பய்யா காஞ்சுது?"

நாச்சிமுத்து அந்த அலமாரியைப் பார்த்தார்.

"இங்கதானுங்க காஞ்சுது."

இதையும் எழுதுவதா என்று சுருக்கெழுத்தர் தலைவரை நிமிர்ந்து பார்த்தார். தலைவர் காயைக் கீழே வைக்கவில்லை. மறுபடியும் மெதுவாக ஆட்டி, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.