பன்றி வேகும் வரை

இருந்தவர்கள்: பொன்னையா, அவர் மனைவி அங்கம்மா, எட்டு மாத வயிற்றோடு மகள் மதுஷா, பின்வாசல் அடுப்படியில் மருமகன் அஜந்தன். சட்டிக்குள் எலும்போடு ஒரு பன்றித் தோள்.

பன்றி வெளியேதான் வேகும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் பெரும்பாலான வீடுகளில் அதுதான் வழக்கம். உள்ளே சாமி படம் இருக்கிறது. பன்றிக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, வீட்டுக்குப் பின்னால் மூன்று கல். தின்றவர் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் படியேற வேண்டும்.

மருமகனும் வெளியேதான். அது அங்கம்மாவின் சட்டம். பன்றி தின்றவனுக்காவது ஒரு குளியல் போதும். இவனுக்கு அதுவும் இல்லை.

மகளும் அவனும் அவளைக் கேட்காமல் பதுளையில் போய்க் கல்யாணத்தை ரெஜிஸ்டர் பண்ணிக்கொண்டார்கள். அது ஒரு காரணம். சாதி இன்னொரு காரணம்; அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று மகளை மட்டும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அஜந்தன் பதுளையிலிருந்து வருவான். பின்வாசலில் நின்று மனைவியோடு பேசுவான். கடைசி பஸ்ஸில் திரும்பிப் போவான்.

ஒரே ஒரு இரவு அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். இருட்டினால் அவளுக்குக் கால் வீங்குவதும், பிள்ளை உதைப்பதும் போனில் கேட்டுத்தான் அவனுக்குத் தெரியும்.

அதனால்தான் இந்தக் கறி.

எல்ல என்ற ஊரில், வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு ஹோட்டலில் அவன் இரவு வேலை பார்த்தவன். பன்றித் தோளைச் சிறு தீயில் வைத்து விடிய விடியக் காவல் இருக்க வேண்டும். ஒரு விடியலில் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டான். அந்த வேலையில் அவனுக்கு மிஞ்சியது, அவசரப்படுத்த முடியாத இந்த ஒரு சமையல்தான். வழக்கமான பன்றிக் கறி சீக்கிரம் இறங்கிவிடும். இது இறங்குவதற்குள் பஸ் போய்விடும்.

உப்பு, மிளகு, வறுத்து இடித்த மிளகாய், பூண்டு, கொறக்காப்புளி, கொஞ்சம் கித்துள் கருப்பட்டி. தோளில் அழுத்தித் தேய்த்து, சட்டியை மூடி, மூடிமேல் ஒரு கல்லை வைத்தான். அடுப்பில், கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையிலிருந்து பொறுக்கிய மிலாறு. காய்ந்த தேயிலைக் கொம்பு நின்று எரியும்.

மாமனார் பக்கத்தில் ஒரு மரக்குற்றியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பன்றி என்றால் அவர் யார் கட்சிக்கும் வருவார்.

"ஏன் மாப்புள, வெள்ளக்காரனுக்குப் பல்லே கெடையாதா? இம்புட்டு நேரம் வேக வைக்கிறீங்க?"

அவன் சிரித்து வைத்தான்.

ஒன்றை அவன் யோசிக்கவில்லை. ஹோட்டலுக்கு முற்றிய பன்றி வரும். இது இளசு. மலையில் பனிமூட்டம் இறங்குவதற்கு முன்பே எலும்பு தானாகக் கழன்றுவிட்டது. பஸ் வர இன்னும் நேரம் இருந்தது.

பொன்னையா கரண்டி நுனியால் தொட்டுப் பார்த்தார். சதை நூல் நூலாகப் பிரிந்தது. இப்போதே இறக்கினால் சாப்பிட்டுவிட்டு மாப்பிள்ளை ஓடாமல் நடந்தே பஸ் பிடிக்கலாம் என்றார். நல்ல மனுஷர். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றான் அஜந்தன். இதற்கு மேலும் வெந்தால் தின்ன முடியாது, குடிக்கத்தான் வேண்டும் என்றார் அவர்.

ஜன்னலில் மதுஷா நின்றாள். பன்றி வாடை இப்போது அவளுக்கு ஆகாது. மூக்கையும் வாயையும் துணியால் பொத்தியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. அவன் எதற்காக இழுத்தடிக்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அப்போதுதான் அங்கம்மா வெளியே வந்தாள்.

பிறந்ததிலிருந்து பன்றியைத் தொடாதவள். அந்த மூன்று கல் பக்கம் ஒரு நாளும் வந்ததில்லை. முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, ஒரு குச்சியால் மூடியை நெம்பி உள்ளே பார்த்தாள். கறி பிளந்து கிடந்தது. எலும்பு தனியாக, வெள்ளையாகக் கிடந்தது.

தலையைத் தூக்கிக் கீழே பஸ் வரும் ரோட்டைப் பார்த்தாள்.

"இன்னும் வேகல" என்றாள்.

இரண்டு மிலாறை எடுத்து அடுப்புக்குள் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பொன்னையா கரண்டியைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவர்.

கீழே வளைவில் பஸ் ஹார்ன் அடித்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் கறி வெந்தது. அஜந்தன் இரண்டு கரண்டிகளால் அதைக் கிழித்து, சாற்றில் புரட்டி, பேக்கரிப் பாணுக்குள் வைத்து மாமனாருக்குக் கொடுத்து, தானும் தின்றான். அடியில் கொஞ்சம் பிடித்திருந்தது. அதுவே ருசியாகத்தான் இருந்தது. பொன்னையா இரண்டு முறை கேட்டு வாங்கித் தின்றார். வெள்ளைக்காரனை இனிமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று கடைசியில் ஒப்புக்கொண்டார்.

உள்ளேயிருந்து அங்கம்மாவின் குரல் வந்தது. கூப்பிடு தூரம்கூட இல்லை. ஆனாலும் புருஷனிடம்தான் சொன்னாள்.

"பஸ்ஸு போயிருச்சு. அந்த ஆளத் தலைக்கு ஊத்திக்கிட்டு உள்ள வரச் சொல்லுங்க. சுடுதண்ணி வாளியில இருக்கு."

வாளியில் ஒரு ஆளுக்குத்தான் தண்ணீர் இருந்தது. பொன்னையா வாளியைப் பார்த்தார். மலைத் தண்ணீர் விழும் பீலியைப் பார்த்தார். மூட்டத்துக்குள் பீலித் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். தான் இன்றைக்கு அடுப்போரமே படுத்துக்கொள்வதாகச் சொல்லி, சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அஜந்தன் குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்டப் படியேறினான். அங்கம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகி வழிவிட்டாள்.

அவன் நிலைப்படியைத் தாண்டியதும், பின்னால் கதவைச் சாத்திப் பூட்டினாள்.